சங்குத்துறை நீரிழிவை வென்ற வரலாறு

உலகத்தில் இயற்கைத் துறைமுகங்கள் எத்தனையோ இருக்கலாம். அங்கெல்லாம் கப்பல் வந்திருக்கலாம், படை வந்திருக்கலாம், கொடிகள் ஏறி இறங்கியிருக்கலாம். ஆனால் நீரிழிவு என்னும் கொடிய நோயை ஒன்பதே கிழமையில் பிடரியில் பிடித்துக் கடலில் தள்ளிய கரை இந்தப் பூமியில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் சங்குத்துறை. ஒரு துவக்கு வெடிக்கவில்லை. ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. எங்கள் ஆயுதம், நூலில் கட்டித் தொங்கிய ஒரு சின்னக் கடதாசிப் பை. அதற்குள் காய்ந்த இலை.

எங்கள் ஊரை நீங்கள் அறியமாட்டீர்கள். அது உங்கள் பிழை இல்லை, கண்ணுகளே. குச்சவெளிப் பஸ்ஸில் ஏறி, இறக்கக்கண்டி தாண்டியதும் எழும்பி நின்று மணியடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பஸ் நிற்காது, அடித்தாலும் கொண்டக்டர் ஒருமுறை உங்களை மேலும் கீழும் பார்ப்பார். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், ஒரு பொது மண்டபம், ஒரு தேத்தண்ணிக் கடை, கொஞ்சம் வள்ளம், நிறைய நாய். இவ்வளவுதான் நாங்கள். இப்படிப்பட்ட எங்களையும் தேடி ஒரு பங்குனி மாதத்தில் 'ஆரோக்கியக் கரைகள்' திட்டத்தின் இணைப்பாளர் துவாரகன் சேர் நகரத்திலிருந்து வந்து இறங்கினார். வெள்ளைச் சேட்டு. கையில் ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தலுக்குள் பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீரின் நிறத்தில் ஏதோ.

"இதுதான் எதிர்காலம்," என்று போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

சபை எழுந்து நின்று எதிர்காலத்தைப் பார்த்தது. மாதர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் முன் கதிரையில் இருந்தபடியால் எனக்கு எதிர்காலம் நன்றாகத் தெரிந்தது. அடியில் மண்டி இருந்தது.

துவாரகன் சேர் திரையில் படம் போட்டு விளக்கினார். கிறீன் ரீ குடித்தால் நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், குறையும், பிரஷர் இறங்கும், கொலஸ்ட்ரோல் கரையும், ஞாபகம் கூடும், கோபம் குறையும், தோல் மினுங்கும். இவ்வளவையும் செய்வது அதிலுள்ள 'ஒட்சியேற்ற எதிரிகள்' என்றார்.

பின்வரிசையில் பக்கீர் நானா கை உயர்த்தினார். கிழிந்த வலை பொத்துகிறவர், அறுபத்தைந்து வயது, மூன்று கூட்டம் நடந்தால் நான்கு கேள்வி கேட்பவர்.

"சேர், எதிரியையா குடிக்கச் சொல்றீங்க?"

"ஐயா, அது உங்களுக்கு எதிரி இல்லை. உங்கட எதிரிக்கு எதிரி."

"அப்ப நம்மட ஆள்தான்," என்று பக்கீர் நானா சபைக்கு மொழிபெயர்த்தார். "பல்லுக்கும் நல்லதா சேர்?"

"மிக நல்லது."

"எனக்குப் பல்லில்லையே?"

துவாரகன் சேர் அதற்கும் தலையாட்டினார். "பல்லில்லாத முரசுக்கு அதைவிட நல்லது ஐயா."

விஞ்ஞானம் என்றால் அப்படி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் தட்டினாலும் கதவு திறக்க வேண்டும்.

பக்கீர் நானா இவ்வளவு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். வலது கால் சின்ன விரலில், சிப்பி வெட்டிய ஒரு காயம் ஐந்து மாதமாக ஆறாமல் வாய் திறந்துகொண்டு கிடந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் பொது மண்டபத்துக்கு வருகிற நடமாடும் கிளினிக்கில்தான் அவருக்கு மாத்திரை, அங்கேதான் புண்ணுக்கு மருந்து கட்டுவது. "நானா, இந்த விரல் உங்களோட இருக்கிறதும் போறதும் நீங்கள் கிளினிக் தவறாமல் வாறதிலதான் இருக்கு," என்று நேர்ஸ் சீலா அவருக்குச் சொல்லியிருந்தா. அவரும் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, வள்ளத்துக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

கூட்டத்தின் முடிவில் உறுதிமொழி எடுக்கப்பட்டது. எல்லோரும் வலது கையை நீட்டி, துவாரகன் சேர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம்: "நாள் ஒன்றுக்கு ஐந்து கோப்பை கிறீன் ரீ அருந்துவோம். கோப்பையில் ஒரு பருக்கை சீனியும் சேர்க்கமாட்டோம். இது உறுதி, உறுதி, உறுதி."

இந்த இடத்தில் எங்கள் கரையின் ஒழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டும். சங்குத்துறையில் கோப்பைக்குள் சீனி போடுகிற வழக்கமே கிடையாது. கரைவலை இழுக்க முப்பது பேர் நிற்பார்கள். ஒரு கேத்தில், ஒரு கரண்டி. முப்பது கோப்பைக்கும் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு நின்றால் மீன் காத்திருக்காது. ஆகவே கோப்பையில் வெறுஞ்சாயம், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. சீனி உள்ளங்கையில். ஒரு வாய் சாயம், ஒரு நக்குச் சீனி. கயிறு இழுத்த கையில் கடல் உப்பு காய்ந்திருக்கும். அந்த உப்போடு சீனி நாக்கில் படுகிற சுகத்தைச் சொல்ல என்னிடம் தமிழ் போதாது. எந்தக் கையில் கோப்பை, எந்தக் கையில் சீனி என்பதில் மட்டும் ஊர் இரண்டு கட்சி. அந்த விவாதத்தில் ஒரு கலியாணம் குழம்பியிருக்கிறது.

ஆக, பிறந்த நாளிலிருந்து நாங்கள் காத்துவந்த விரதத்துக்கே துவாரகன் சேர் எங்களிடம் சத்தியம் வாங்கினார். இவ்வளவு இலேசான சத்தியத்தை நாங்கள் வாழ்க்கையில் செய்ததில்லை.

அடுத்த நாள் காலை ரிப்காவின் தேத்தண்ணிக் கடையில் முதல் கேத்தில் கொதித்தது. ரிப்கா பக்கீர் நானாவின் மகள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற பிள்ளை. முதல் கோப்பை, மரியாதை கருதி, வாப்பாவுக்கு.

பக்கீர் நானா ஒரு வாய் குடித்தார். கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"மகள், வைக்கோலை அவிச்சியா?"

"சேர் தந்த பையைத்தான் வாப்பா போட்டன்."

"மாட்டுக்கு இதைக் குடுத்தா அது நம்மளோட கோவிச்சுக்கொண்டு கிண்ணியா போயிரும். கொண்டா சீனி."

ரிப்கா வழக்கம்போல் உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டினாள். அவர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தார். இன்னொரு கரண்டி கொட்டினாள். அப்போதும் நீட்டியபடியே இருந்தார்.

"வாப்பா, சத்தியம் செஞ்சிட்டு வந்தீங்களே!"

"கோப்பைக்குத்தானே செஞ்சன்? கோப்பைக்குள்ள பாரு, ஒரு பருக்கை கிடக்கா?"

ஒரு பருக்கையும் கிடக்கவில்லை. அங்கிருந்த எல்லோரும் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். பிறகு அவரவர் கையை நீட்டினார்கள். வெறுந்தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி போதுமாக இருந்தவர்களுக்கு இந்தக் கைப்புக்கு மூன்று தேவைப்பட்டது. முந்தி நாளுக்கு இரண்டு கோப்பை குடித்தவர்கள் இப்போது உறுதிமொழிப்படி ஐந்து. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பெருக்கிப் பாருங்கள். எனக்குப் பெருக்கப் பயம்.

"அக்கா," என்று ரிப்கா ஒரு நாள் என் காதுக்குள் சொன்னாள், "ஒரு கிழமைக்கு ஓடுற சீனி ரெண்டு நாள்ல முடியுது. இது மருந்தா, கலியாண வீடா?"

துவாரகன் சேர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து கோப்பைகளை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு போனார். தெளிந்த பச்சைத் தண்ணீர், அடியில் ஒன்றுமில்லை. மிக அழகான படங்கள். கைகள் படத்துக்குள் வந்தால் "கொஞ்சம் கையை விலத்துங்கோ ஐயா" என்பார். எல்லோரும் பணிவோடு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள், சீனியோடு.

இதற்கிடையில் ஊரில் ஒரு பெரிய விழிப்புணர்வு உண்டாயிற்று. கிறீன் ரீ குடிக்கிறவர்கள் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினார்கள். குடித்துக்கொண்டும் போனால், இரண்டில் ஒன்றின்மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் கதைக்கும் அல்லவா? சித்திரை மாதச் செவ்வாயில் எட்டுப் பேர் போனார்கள். வைகாசிச் செவ்வாயில் பக்கீர் நானா மட்டும் போனார். துணைக்கு நான்.

நேர்ஸ் சீலா அவருடைய விரலைக் குத்திச் சீனி பார்த்தா. மெஷினைப் பார்த்துவிட்டு அதைத் தட்டிப் பார்த்தா. பிறகு அவருடைய விரலைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தா. ஒட்டியது.

"நானா, கையில என்ன?"

"சீனி."

"இரத்தத்தில சீனி பார்க்க வந்தா, தோலிலயே வைச்சிருக்கிறீங்கள்! போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வாங்கோ."

கழுவிக்கொண்டு வந்தார். திரும்பக் குத்தினா. இலக்கம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் போன மாதத்து இலக்கத்தைவிட எவ்வளவோ மேலே நின்றது. சீலா கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி, புண்ணை அவிழ்த்துப் பார்த்து, மருந்து கட்டினா.

"அக்கா," என்று என்னிடம் தனியாகச் சொன்னா, "துவாரகன் சேருக்கு நீங்கள்தானே படிவம் நிரப்பிக் குடுக்கிறது? அதில கையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையோ?"

நல்ல கேள்வி. நான் வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தேன். ஏழாவது கேள்வி: 'கோப்பையில் சீனி சேர்க்கிறீர்களா?' அதன் எதிரே இரண்டு பெட்டி, ஆம், இல்லை. நான் போன் எடுத்தேன்.

"சேர், அஞ்சலினா கதைக்கிறன், மாதர் சங்கம். எங்கட ஆக்கள் சீனியைக் கையில வைச்சு நக்கிறவை. இதை எங்க எழுதுறது?"

"அக்கா, கோப்பையில போடுகினமோ?"

"இல்லை சேர்."

"அப்ப இல்லை எண்டு போடுங்கோ."

"கையில…"

"அக்கா, கைக்குப் பெட்டி இல்லை. பெட்டிக்கு வெளியில எழுதினா கொம்பியூட்டர் ஏற்காது."

"கிளினிக்கில பக்கீர் நானாவுக்குச் சீனி ஏறியிருக்கெண்டு…"

"அது வேற திணைக்களத்தின்ர இலக்கம் அக்கா. நாங்கள் கலக்கிறேல்லை. எங்கட அளவுகோல் 'நடத்தை மாற்றம்'. நீங்கள் நல்லாச் செய்றீங்கள். விழாவில உங்களுக்குப் பொன்னாடை இருக்கு."

என் வயதில் ஒருவருக்குப் பொன்னாடை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. தெரிகிற வயதில் தெரியும். நான் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் உண்மையை மட்டும் சொன்னார்கள். நூற்றுப் பன்னிரண்டு 'இல்லை' போட்டேன். இப்படி ஒரு பொய்யும் கலக்காத படிவத்தை எந்த அலுவலகமும் கண்டிருக்காது.

பெறுபேறு நூறு வீதம் என்று வந்தது. வைகாசி முடிவில் விழா. பஸ் நிறுத்தும் இடத்தில் 'நீரிழிவை வென்ற கரை' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை நட்டார்கள். மங்கள விளக்கு ஏற்றினார்கள். கடற்காற்று அணைத்தது. திரும்ப ஏற்றினார்கள். காற்றும் விடவில்லை. ஏற்றியதாகக் கருதி விழா தொடர்ந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு துவாரகன் சேர் மைக்கின் முன் நின்று, பரிசை அறிவித்தார்.

"இந்த வெற்றியை மதித்து, சுகாதாரத் திணைக்களமும் சம்மதித்து, நடமாடும் கிளினிக்கை உங்கட கரையிலிருந்து விடுவிக்கிறோம். இனி அது நோயாளிகள் இருக்கிற ஊருக்குப் போகும். நோய் இல்லாத ஊருக்கு டொக்டர் வாறது டொக்டருக்கும் அவமானம், ஊருக்கும் அவமானம்!"

மண்டபம் அதிர ஊர் கைதட்டியது. பக்கீர் நானாவும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, கை உயர்த்தினார்.

"சேர், அப்ப என்ட கால்?"

"காலுக்கு என்ன ஐயா?"

"புண் இரிக்கே."

துவாரகன் சேர் கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். அவர் கீழே குனிந்து காலைப் பார்த்திருக்கலாம். நான்கு அடி தூரம்தான். ஆனால் கடமையே கண்ணானவர் அறிக்கையைத்தான் பார்ப்பார்.

"ஐயா, புள்ளிவிபரத்தின்படி உங்கட ஊர்ல அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"இல்லாத மாதிரித் தெரியுதா?" என்று பக்கீர் நானா பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். பொன்னாடை வழுக்கியது, பிடித்துக்கொண்டேன்.

ஆனி மாதத்து முதல் செவ்வாய் காலை நான் மண்டபப் பக்கம் போனேன். வாசலில் பூட்டு. பூட்டின் கீழே படியில் பக்கீர் நானா, மடியில் பொலித்தீன் பை.

"நானா, இனி வராதெண்டு சொன்னவை எல்லோ?"

"சொன்னாங்க. ஆனா பழக்கம் அக்கா. கால் தானா வந்திட்டு. அதுக்கு அறிக்கை வாசிக்கத் தெரியாதே."

"பஸ் எடுத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ."

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா விரலை வெட்டிப் போடுவாங்க. சீலா எண்டா கதைச்சுக் கதைச்சு வைச்சிரிப்பா." கொப்பியைத் திறந்து சிவப்பு மையைப் பார்த்தார். "மாத்திரையும் முடிஞ்சிட்டுது."

ரிப்கா துவாரகன் சேருக்குப் போன் எடுத்தாள். அவர் பாவம், கூட்டத்தில் இருந்தும் வெளியே வந்து ஆலோசனை சொன்னார்: பாவித்த கிறீன் ரீப் பையைக் குளிர வைத்துப் புண்ணின்மேல் வைக்கவும், ஒட்சியேற்ற எதிரிகள் நேரடியாக வேலை செய்யும். ரிப்கா அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கக்கூடும்.

நான் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினேன், கிளினிக்கைத் திருப்பித் தரும்படி. மூன்று கிழமையில் பதில் வந்தது. அரச காரியத்தில் இது வெளிச்சத்தின் வேகம். கிளினிக் வேண்டுமானால் ஊரில் நோயாளர் இருப்பதாகக் கணக்கெடுப்பில் வர வேண்டுமாம். கணக்கெடுப்பு அடுத்த வருடமாம். நோயாளர் இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு கிளினிக்குடையதாம். பதிலை நான் இரண்டுமுறை வாசித்தேன். நங்கூரக் கயிற்றை இவ்வளவு நேர்த்தியாக வட்டம் சுற்றி வைக்க வள்ளமும் வலையும் வைத்திருக்கும் எங்கள் சம்மாட்டிகளுக்கே வராது.

ஆடி பிறந்து நாலாம் நாள் ரிப்கா கடையைத் திறக்கவில்லை. அந்தக் கடை மூடி நான் கண்டது சூறாவளிக்கு ஒருமுறை, அன்றைக்கு ஒருமுறை. வாப்பாவின் சின்ன விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவர் ஏலாது ஏலாது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா, விரலுக்குப் பயந்து காலைக் குடுக்கப்போறீங்களா?" என்று ரிப்கா அவருடைய கையை நிலையிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். "எழும்புங்க. பஸ் வருது."

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "எவ்வளவு நாளா மருந்து எடுக்கேல்லை?"

"எங்கட ஊர்ல வருத்தம் இல்லை டொக்டர்," என்றார் பக்கீர் நானா.

"எப்ப தொடக்கம்?"

"வைகாசி தொடக்கம்."

டொக்டர் அவருக்கு மூளையிலும் ஏதோ பிரச்சினை என்று நினைத்து இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று ரிப்காவிடம் சொன்னார்களாம். அவள் பிரதான வாசலுக்கு வந்து, பஸ்காரர் எல்லோரும் பார்க்க, நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணியில் துவாரகன் சேர் திரும்பவும் வந்தார். இந்தத் திட்டத்தை வேறு பதினேழு கரைகளுக்கு விரிக்கப்போகிறார்களாம். அதற்கு முன் ஒரு 'தாக்க மதிப்பீடு'. புதுப் படிவம், வழவழப்பான கடதாசி. என்னை அழைத்துக்கொண்டு முதல் வீடாகப் பக்கீர் நானாவின் வீட்டுக்கே போனார். உற்சாகமாகப் பேசுகிறவர், வீடியோவுக்கு நல்லது என்று.

பக்கீர் நானா முன்வாசலில் கதிரையில் இருந்தார். கட்டுப் போட்ட கால் ஒரு ஸ்டூலின் மேல். துவாரகன் சேர் ஸ்டூலைச் சுற்றி நடந்து போய், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, சுருக்கமாச் சொன்னாப் போதும். கிறீன் ரீ குடிக்கத் தொடங்கின பிறகு உங்கட உடல் நிறை குறைஞ்சதா?"

"ஓம் சேர்."

துவாரகன் சேரின் முகம் மலர்ந்தது. "அருமை! எவ்வளவு குறைஞ்சிருக்கும், சுமாரா?"

"அதை ஆஸ்பத்திரியிலதான் கேட்கணும் சேர். ரெண்டு விரலையும் அவங்கதான் கொண்டு போனாங்க. நிறுத்தாங்களோ தெரியா."

குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரிப்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். துவாரகன் சேர் முதல்தடவையாகக் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பேனையைச் சேட்டுப் பைக்குள் செருகினார். வேலை கெடக்கூடாது என்று நான் படிவத்தை அவருடைய மடியிலிருந்து எடுத்தேன்.

நிறை குறைந்ததா? ஆம். அந்தப் பெட்டியில் நல்ல கறுப்பாகப் புள்ளடி போட்டேன். இம்முறையும் ஒரு பொய்யும் இல்லை. படிவத்தின் அடியில் 'இப்பெறுபேற்றை ஈட்டியவர்கள்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு விட்டிருந்தார்கள். முதல் கோட்டில் துவாரகன் சேரின் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினேன். இரண்டாவது கோட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.